லோடு ஏற்றாமல் எடுத்த ரீடிங்கை இனி நம்ப மாட்டேன்: 200 வாட் எலக்ட்ரானிக் லோடு, ஒன்றரை வருட அனுபவம்

"இது எதுக்கு, ஒரு பல்பை மாட்டிப் பார்த்தா போதாதா?" என் மேசையில் இந்தப் பெட்டியை, அதாவது பவர் சப்ளையிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ நாம் சொன்ன கரண்டை இழுத்து அதைச் சோதிக்கும் எலக்ட்ரானிக் லோடைப் பார்க்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நானும் பல வருடம் பல்புதான் மாட்டிக்கொண்டிருந்தேன். 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டு, பீங்கான் உடம்புள்ள பெரிய ரெசிஸ்டர் நாலைந்து, அவ்வளவுதான். பல்பில் என்ன சிக்கல் என்றால், குளிர்ந்திருக்கும்போது அதன் இழையின் மின்தடை, எரியும்போது இருப்பதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அதனால் ஸ்விட்சைப் போட்ட கணத்தில், 4.6 ஆம்பியர் இழுக்க வேண்டிய பல்பு அதைப்போலப் பல மடங்கு இழுக்கப் பார்க்கும், நல்ல பவர் சப்ளைகூடத் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், நாம் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். ரெசிஸ்டரில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 2.2 ஓம் என்றால் 2.2 ஓம்தான், எனக்குச் சரியாக 1.8 ஆம்பியர் வேண்டும் என்று அதனிடம் கேட்க முடியாது.

அதனால்தான் இதை வாங்கினேன். 150 வோல்ட், 30 ஆம்பியர், 200 வாட் வகை. கம்பெனிப் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் கீழே சில குறைகளும் சொல்லப்போகிறேன், அவற்றில் பெரும்பாலானவை இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

உள்ளே நடப்பது எளிதான விஷயம். தடித்த ஹீட்சிங்க்கில் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகக் கட்டையில்) சில மாஸ்ஃபெட்கள் (கேட் என்ற முனையின் வோல்டேஜால் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்கள்), அவற்றோடு தொடராக ஒரு ஷன்ட் (கரண்டை அளக்க உதவும் மிகச் சிறிய மின்தடை), அந்த ஷன்ட்டின் குறுக்கே விழும் வோல்டேஜைப் பார்த்துப் பார்த்து மாஸ்ஃபெட்டின் கேட்டை ஏற்றி இறக்கும் ஓப்-ஆம்ப் என்ற ஒரு பெருக்கிச் சில்லு. நீங்கள் 2 ஆம்பியர் என்று சொன்னால், சப்ளையின் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அது 2 ஆம்பியரையே இழுத்துக்கொண்டிருக்கும். இழுத்ததெல்லாம் வெப்பமாகி ஃபேன் வழியாக வெளியே போகும். இவ்வளவு எளிது என்றால் நாமே செய்துவிடலாமே என்று தோன்றும், நானும் செய்தேன். ஆனால் ஸ்விட்சிங் வேலைக்கென்றே செய்த மாஸ்ஃபெட்டைப் பாதி திறந்த குழாய் மாதிரி நிறுத்தி வைத்தால், சில்லில் ஏதோ ஒரு மூலை மட்டும் கொஞ்சம் சூடாகும், சூடான இடம் இன்னும் அதிகக் கரண்டைத் தன் பக்கம் இழுக்கும், அதனால் இன்னும் சூடாகும், கடைசியில் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) போட்டிருக்கும் வாட்டில் பாதியை எட்டும் முன்பே ஷார்ட்டாகிவிடும். நாலு மாஸ்ஃபெட் போன பிறகு விட்டுவிட்டேன். சின்ன அளவில், 20 அல்லது 30 வாட்டுக்கு, வீட்டிலேயே செய்வது நல்ல பயிற்சிதான். அதற்கு மேல் வேண்டாம்.

சரி, வாங்கிய முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். "12 வோல்ட் 3 ஆம்பியர்" என்று லேபிள் ஒட்டிய பழைய அடாப்டர் ஒன்று என்னிடம் இருந்தது. மல்டிமீட்டரில் 12.1 காட்டும். அதை ஒரு ரௌட்டரில் மாட்டினால் சில நிமிடத்துக்கு ஒருமுறை ரௌட்டர் மறுபடி மறுபடி ஸ்டார்ட் ஆகும். ரௌட்டர்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு மாதம் அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். லோடில் மாட்டி நிலையான கரண்ட் மோடில் அரை ஆம்பியரிலிருந்து மெல்ல ஏற்றினேன். 0.5இல் 11.98, 1 ஆம்பியரில் 11.9, சரி. 1.8ஐத் தொட்டதும் 11.4க்கு இறங்கி அடாப்டருக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம். 2.1இல் 9.6 வோல்ட். அதோடு நிறுத்திவிட்டு அடாப்டரைப் பிரித்தேன். அவுட்புட்டில் இருந்த இரண்டு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களில் ஒன்றின் தலை லேசாக உப்பியிருந்தது, இன்னொன்று பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே காய்ந்துபோயிருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டு மறுபடி அதே படிகளில் ஏற்றினேன். 3 ஆம்பியரில் 11.8, அரை மணி நேரம் அப்படியே நின்றது. மல்டிமீட்டர் அன்றைக்கும் 12.1தான் காட்டியது, மாற்றுவதற்கு முன்பும் 12.1, பின்பும் 12.1. லோடு இல்லாமல் எடுத்த அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அடிப்படை மோடுகள் நாலு. நிலையான கரண்ட், நிலையான வோல்டேஜ், நிலையான மின்தடை, நிலையான பவர். பத்தில் எட்டு முறை நான் பயன்படுத்துவது கரண்ட் மோடுதான். ஆனால் சில பவர் சப்ளைகள் அந்த மோடில் ஸ்டார்ட்டே ஆகாது, அது சப்ளையின் தவறல்ல. ஓவர்லோடானால் கரண்டை மடக்கிக்கொள்ளும் வகைச் சப்ளையிடம், அது பூஜ்ஜியத்திலிருந்து எழும்போதே "5 ஆம்பியர் கொடு" என்று லோடு பிடித்து இழுத்தால், பாவம், அது எழவே முடியாது. அந்த இடத்தில் மின்தடை மோடு போட்டால் வோல்டேஜ் ஏற ஏறக் கரண்டும் சேர்ந்து ஏறும், சப்ளை நிதானமாக எழுந்துவிடும். இல்லாவிட்டால் இத்தனை வோல்ட் வந்த பிறகுதான் இழுக்கத் தொடங்கு என்று சொல்லும் செட்டிங் ஒன்று மெனுவில் ஆழத்தில் ஒளிந்திருக்கும், அதைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வோல்டேஜ் மோடு சார்ஜர்களையும் எல்.இ.டி. டிரைவர்களையும் சோதிக்க. 3.7 வோல்ட் என்று வைத்துவிட்டால் லோடே ஒரு பாதி சார்ஜான லித்தியம் செல் போல நடிக்கும், சார்ஜர் எத்தனை ஆம்பியர் தருகிறது என்று பார்க்கலாம். ஆனால் இதே மோடில் தவறிப்போய் ஒரு பேட்டரியை மாட்டி, அதன் வோல்டேஜைவிடக் குறைவாக செட் செய்துவிட்டால், அதைக் கீழே இழுப்பதற்காகத் தன்னால் முடிந்த அத்தனை கரண்டையும் லோடு இழுக்கும். கரண்ட் லிமிட்டை முதலில் வைக்காமல் வோல்டேஜ் மோடைத் தொடாதீர்கள். பவர் மோடு பேட்டரிக்கு நல்லது, ஏனென்றால் நிஜத்தில் ஒரு லேப்டாப்போ இன்வெர்ட்டரோ அப்படித்தான் இழுக்கும்: 30 வாட் வேண்டுமென்றால் 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கினால் 3 ஆம்பியர். பேட்டரி சோர சோரச் சுமை கூடுகிறது. பலவீனமான பேட்டரி கடைசி நிமிடங்களில் மளமளவென்று சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி பேட்டரி சோதனை. நான் இதை வாங்கியதே பெரும்பாலும் இதற்காகத்தான், மிகப் பெரிய தவறைச் செய்ததும் இதில்தான்.

பழைய பேக்குகளிலிருந்து எடுத்த 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்களை வரிசையாக சோதித்துக்கொண்டிருந்தேன். 4.2 வோல்ட் வரை முழுச் சார்ஜ், 5 ஆம்பியரில் டிஸ்சார்ஜ், 3.0 வோல்ட்டில் கட்-ஆஃப் (அந்த வோல்டேஜில் லோடு இழுப்பதை நிறுத்திவிடும்). 2500 என்று அச்சிட்ட நல்ல ஹை-கரண்ட் செல் ஒன்று 2210 மில்லிஆம்பியர்-அவர்தான் கொடுத்தது. சோர்ந்துபோன செல் என்று குறித்து ஓரமாக வைத்துவிட்டேன், அதே மாதிரி இன்னும் ஆறு செல்கள். இரண்டு நாள் கழித்துத்தான் பின்பக்கம் சென்ஸ் டெர்மினல்கள் (பெரிய கரண்ட் போகாத தனி வயர் ஜோடியில் வோல்டேஜை மட்டும் அளக்கும் முனைகள்) இருப்பதே நினைவுக்கு வந்தது. வயரும் கிளிப்பின் தொடுமுனையும் சேர்ந்து 50 மில்லிஓம் இருந்தால், 5 ஆம்பியரில் கால் வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. லோடு தன் முனையில் 3.0 என்று பார்க்கும்போது செல்லில் உண்மையில் 3.25 இருக்கிறது, இன்னும் கொடுக்க அதனிடம் சரக்கு மிச்சம் இருக்கிறது. இரண்டு மெல்லிய சென்ஸ் வயரைச் செல்லின் முனைகளிலேயே நேராகத் தொடவைத்து மறுபடி ஓட்டினேன். 2430. ஏழு செல்களும் நல்ல செல்கள்.

ஆகவே பேட்டரி சோதனைக்கு நாலு வயர் இல்லாமல் பட்டனை அழுத்தவே அழுத்தாதீர்கள். ஒரு எச்சரிக்கை, சென்ஸ் வயர் நடுவில் கழன்றால் லோடுக்கு வோல்டேஜ் குறைந்ததாகத் தெரியும். கரண்ட் மோடில் சும்மா கட்-ஆஃப் ஆகிவிடும், பவர் மோடிலோ குறைந்த வோல்டேஜை ஈடுகட்டக் கரண்டை ஏற்றிக்கொண்டே போகும். முனைகளை முதலை கிளிப்பில் தொங்கவிடாமல் ஒழுங்கான செல் ஹோல்டரில் வையுங்கள்.

போலிச் செல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 18650 அளவில் இன்றைக்கு நல்ல செல்லே 3500 மில்லிஆம்பியர்-அவர் பக்கம்தான். 9900 என்று அச்சிட்ட ஒன்றை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், அரை ஆம்பியரில் ஓட்டியதில் 1140 வந்தது. பவர் பேங்க் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயமாக இருக்க வேண்டும். 10,000 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட்-அவர். அதையே 5 வோல்ட்டில் கணக்கிட்டால் 7400, உள்ளே இருக்கும் கன்வெர்ட்டரின் இழப்பும் போனால் 6500 வந்தாலே நல்ல பொருள். நான் சோதித்த ஒன்று 2 ஆம்பியரில் 6480 கொடுத்தது. அதை ஏமாற்று என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

லெட்-ஆசிட் பேட்டரிக்கு வேகம் முக்கியம். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் என்று போட்டிருப்பது வழக்கமாக 20 மணி நேரக் கணக்கு, 0.35 ஆம்பியரில், 10.5 வோல்ட் வரை. அதே பேட்டரியை 7 ஆம்பியரில் இழுத்தால் ஒரு மணி நேரம் வராது, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வந்தால் சரி. வேகமாக இழுத்தால் கொள்ளளவு சுருங்கும் என்பதை வில்ஹெல்ம் போய்க்கர்ட் 1897லேயே சூத்திரமாக எழுதிவிட்டார், ஆனால் ஒரு மணி நேர சோதனையைச் செய்துவிட்டு பேட்டரி பாதி செத்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டேட்டாஷீட்டில் எந்தக் கரண்ட், எந்தக் கட்-ஆஃப் என்று பார்த்து அதையே வையுங்கள்.

கொள்ளளவைவிட எனக்கு இப்போது அதிகம் பயன்படுவது உள்மின்தடைதான், அதாவது செல்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடை. 0.5 ஆம்பியரில் வோல்டேஜைப் பார், 2.5க்குத் தாவு, சில விநாடியில் மறுபடி பார், வித்தியாசத்தை 2ஆல் வகு. 4.02லிருந்து 3.92க்கு வந்தால் 50 மில்லிஓம், 18650 செல்லுக்கு ஏற்கத்தக்கது. 120 வந்தால் அந்தச் செல்லை டார்ச் லைட்டுக்கு அனுப்பிவிடுவேன், பேக்கில் சேர்க்க மாட்டேன். ஒரு கிலோஹெர்ட்ஸ் ஏ.சி.யில் அளக்கும் மீட்டர்கள் இதைவிடக் குறைவான எண்ணைக் காட்டும், இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். முழு டிஸ்சார்ஜுக்கு மணிக்கணக்கில் காத்திருப்பதைவிட இந்த அரை நிமிட வேலை ஒரு கூடைச் செல்களைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

டைனமிக் மோடு எனக்கு வாங்கும்போது பெரிதாகத் தெரியவில்லை, இப்போது அதில்லாத லோடை வாங்க வேண்டாம் என்று சொல்வேன். இரண்டு கரண்ட்களுக்கு நடுவே லோடு மாறி மாறித் தாவும், சப்ளை அந்த அதிர்ச்சியை எப்படித் தாங்குகிறது என்று ஸ்கோப்பில் (வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில்) பார்க்கலாம். வோல்டேஜ் ஒருமுறை அமுங்கி நேராக நிலைக்கு வந்தால் ஆரோக்கியம். மணி அடித்த மாதிரி ஆடி ஆடி அடங்கினால் ஃபீட்பேக்கில் (சப்ளை தன் வோல்டேஜைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் சுற்றில்) கோளாறு. ஆனால் இங்கேயும் வயர் உங்களை ஏமாற்றும். தளர்வாகக் கிடக்கும் ஒரு ஜோடி வயரின் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) ஒரு மைக்ரோஹென்றி என்று வையுங்கள், 10 ஆம்பியரை 10 மைக்ரோ விநாடியில் ஏற்றினால் அந்த வயரிலேயே ஒரு வோல்ட் விழும். சப்ளையைக் குற்றம் சொல்லும் முன் வயரைக் குட்டையாக வெட்டி, இரண்டையும் முறுக்கி, புரோபைச் சப்ளையின் முனையிலேயே வைத்துப் பாருங்கள். என் லோடு சில சமயம் நீள வயரில் தானே ஊசலாடத் தொடங்கும், டிஸ்ப்ளேயில் ஒன்றும் தெரியாது, ஸ்கோப்பில்தான் தெரியும், வயரை முறுக்கியதும் அடங்கிவிடும்.

கம்ப்யூட்டர் பவர் சப்ளை சோதிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால்தான் அது எழும். 12 வோல்ட் கோட்டில் 5 சதவீதம் வரை, அதாவது 11.4லிருந்து 12.6 வரை போகலாம். ரிப்பிள் (டி.சி. வோல்டேஜின் மேல் ஏறிவரும் சிறு அலை) 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளுக்கான ஏ.டி.எக்ஸ். தரத்தின் வழிகாட்டுதல். ரிப்பிளை அளக்கும்போது ஸ்கோப்பின் அலைவரிசை வரம்பை 20 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருக்கி, புரோப் முனையில் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக்கும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் காற்றில் வரும் இரைச்சலையெல்லாம் சப்ளையின் கணக்கில் எழுதிவிடுவோம்.

இப்போது குறைகள். ஃபேன் சத்தம். 60 வாட் தாண்டினால் பக்கத்தில் உட்கார்ந்து போன் பேச முடியாது, 150 வாட்டில் அடுத்த அறைக்குக் கேட்கும், இரவில் நீண்ட சோதனை என்றால் கரண்டைக் குறைத்துத்தான் ஓட்டுகிறேன். 200 வாட் என்ற வரம்பும் பலருக்குப் பிறகுதான் உறைக்கிறது. 150 வோல்ட்டும் 30 ஆம்பியரும் ஒரே நேரத்தில் கிடைக்காது; 12 வோல்ட்டில் அதிகபட்சம் 16.6 ஆம்பியர், 150 வோல்ட்டில் வெறும் 1.33. கீழ்ப்பக்கத்திலும் ஒரு வரம்பு இருக்கிறது: மாஸ்ஃபெட் முழுக்கத் திறந்த பிறகும் ஷன்ட்டும் வயரும் சேர்ந்து கொஞ்சம் வோல்டேஜைச் சாப்பிடும், அதனால் 1.2 வோல்ட் நிக்கல் செல் ஒன்றிலிருந்து பெரிய கரண்ட் கேட்டால் கேட்ட அளவு வரவே வராது. அந்த வேலை அதிகம் செய்கிறவர்கள் டேட்டாஷீட்டில் "குறைந்தபட்ச இயக்க வோல்டேஜ்" என்ற வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பேட்டரி மோடு முடிவில் ஒரே ஒரு எண்ணைக் காட்டும், வளைவைச் சேமிக்காது. 18 மணி நேரம் ஓடிய சோதனை நடுவே மின்சாரம் போனால் எல்லாம் போச்சு, எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. கூடக் கொடுத்த மென்பொருள் உதவவில்லை. நல்லவேளையாகக் கருவி எஸ்.சி.பி.ஐ. (அளவீட்டுக் கருவிகளைக் கம்ப்யூட்டரிலிருந்து இயக்கும் பொதுக் கட்டளைமொழி) கட்டளைகளைப் புரிந்துகொள்கிறது. 1990இல் வந்த அந்தத் தரம் இன்னும் பல அளவீட்டுக் கருவிகளில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். பைத்தானில் முப்பது வரி எழுதி, விநாடிக்கு ஒருமுறை வோல்டேஜையும் கரண்டையும் கேட்டு ஃபைலில் எழுதிக்கொள்கிறேன், மின்சாரம் போனாலும் அதுவரை வந்தது மிஞ்சும். வாங்கும் முன் கட்டளைப் பட்டியல் உள்ள கையேடு கிடைக்கிறதா என்று பாருங்கள், அது கிடைக்காத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பாதுகாப்பு. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால், லோடு ஆஃபில் இருந்தாலும், மாஸ்ஃபெட்டின் உள்ளே இயல்பாகவே இருக்கும் டயோடு வழியாகக் கரண்ட் பாய்ந்துவிடும், எந்த செட்டிங்கும் அதைத் தடுக்காது. பேட்டரிக்கு அருகில், பாசிட்டிவ் வயரில், ஒரு ஃபியூஸ் கட்டாயம். சோதனை முடிந்ததும் செல்லைக் கழற்றிவிடுங்கள், ஆஃப் செய்த லோடும் அளவீட்டுச் சுற்று வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும், ஏற்கெனவே காலியான லித்தியம் செல்லுக்கு அது நல்லதல்ல. ஓடிக்கொண்டிருக்கும் லித்தியம் சோதனையை விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். கம்ப்யூட்டரோடு இணைக்கிறீர்கள் என்றால் அந்த போர்ட் ஐசொலேட் செய்யப்பட்டதா (லோடின் முனைகளோடு மின்தொடர்பு இல்லாததா) என்று மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

யாருக்கு வேண்டும்? மாதத்துக்கு ஒரு அடாப்டர் பார்க்கிறவருக்கு 50 வாட், 100 வாட் சின்ன போர்டு லோடே போதும், நாலு வயர் வசதி மட்டும் இருக்கட்டும். ரிப்பேர் வேலை செய்கிறவர், பேட்டரி பேக் கட்டுகிறவர், தானே பவர் சப்ளை வடிவமைக்கிறவர் இந்த வகைக்கு வரலாம். இந்த வகுப்பில் சிக்லென்ட் எஸ்.டி.எல்.1020எக்ஸ் 150 வோல்ட், 30 ஆம்பியர், 200 வாட்; ரைகால் டி.எல்.3021 அதே வோல்ட், அதே வாட், 40 ஆம்பியர். 12 வோல்ட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே 16.6 ஆம்பியரில்தான் நிற்கும், கூடுதல் 10 ஆம்பியர் பயன்படுவது 6.6 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்கிறவருக்கு மட்டும்தான். உங்கள் மேசைக்கு அதிகம் வருவது ஒற்றை லித்தியம் செல்லா, 48 வோல்ட் பேக்கா என்று முதலில் எழுதி வையுங்கள், அப்புறம் அந்த வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். கூடவே நல்ல தடித்த சிலிக்கான் வயர், ரிங் லக், நாலு முனை செல் ஹோல்டர், ஃபியூஸ் ஹோல்டர் இதெல்லாம் அதே நாளில் வாங்கிவிடுங்கள், பெட்டியோடு வரும் வயரைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம்.